திலகவதியார் உயிர் தாங்கிய திறம்

தெய்வச் சேக்கிழார் அருளிய திருத்தொண்டர் புராணத்துள் திருநாவுக்கரசு நாயனார் புராணம் 429 செய்யுட்களையுடைய பெரும்பகுதியாம். அதன் தொடக்கத்தே நாயனார்க்கு முன்னவராகத் தோன்றுபவர் அவர் தமக்கையார் திலகவதியார். அம்மையார் அறுபத்துமூவருள் ஒருவராக எண்ணப்பட்டவரல்லர். திருத்தொண்டத்தொகையில் அவர் பெயர் இல்லை. தனிப் புராணமும் அவர்க்கில்லை. சுந்தரமூர்த்தி சுவாமிகளை ஈன்ற இசைஞானியார் தொகையில் இடம் பெற்றவர்; அவர்க்குரிய புராணம் ஒரே செய்யுளில் முடிகின்றது. தொகையில் இடம் பெறாத திலகவதியாரையோ சேக்கிழார் பிறப்பு முதலாகத் தம்பியாரை இறைவன் ஆட்கொண்ட நாள் வரையில் படிப்படியாக உடன் நடத்திச் செல்கின்றார். அடியார் வரலாற்றை அளவறிந்து பாடும் புலவர் பெருமான் இவ்வம்மையார்க்கு இத்துணை இடம் அளித்தமை யாது கருதி என்பதே ஈண்டு ஆராயப்படும்.

பெரியபுராண விரிவுரை நிகழ்த்துவோரிற் பலர் திலகவதியார் வரலாற்றில் இரண்டிடங்களிலேயே நெடிது நிற்பர். ஒன்று, மணம் பேசப்பெற்ற கலிப்பகையார் போரில் மாய்ந்தார் எனக் கேட்டு அம்மையார் தம்முயிரையும் விடத் துணிந்த இடம். மற்றொன்று, சூலைநோயால் வருந்தி வந்த தம்பியார்க்குத் திருநீறு அளித்த இடம். முன்னதைக் கேட்குங்கால் அவையோர் கண்ணீர் வடிப்பர். பின்னதைக் கேட்குங்கால் கைகூப்புவர். இவ்விரண்டிற்கும் இடையே கழிந்த ஆண்டுகள் பல. அவ்வாண்டுகளில் அம்மையார் எதனைப் பற்றுக்கோடாகக் கொண்டு உயிரோடிருந்தார், அவர் இருந்தமை எவர்க்குப் பயன்பட்டது என்பன ஓரிரு சொற்களில் கடந்து செல்லப்படுகின்றன. சேக்கிழார் கருத்து அவ்விடையிலேதான் பொதிந்து கிடக்கின்றது. துணையிழந்த பெண்ணுக்குப் பெருமை அவள் இறக்கத் துணிந்தமையால் வருவதெனக் கேட்போர் கொண்டு செல்வாராயின், அவர் புராணத்தைப் பிழைபடக் கேட்டவராவர்.

இப்பிழை ஏட்டளவில் நிற்பதன்று. சேக்கிழார் தோன்றிய குன்றத்தூர் தொண்டைநாட்டது. அத்தொண்டைநாட்டின் கீழெல்லையிலே கோவளமும் திருவிடந்தையும் மாமல்லபுரமும் சதுரங்கப்பட்டினமும் கடலையொட்டிக் கிடக்கின்றன. கோவளத்திற்கு மேற்கே, பக்கிங்காம் கால்வாய்க்கு அப்பால், திருப்போரூர் செல்லும் நெடுவழியில் அமைந்தது படூர். 2004ஆம் ஆண்டு திசம்பர்த் திங்கள் 26ஆம் நாட் காலையில் ஆழிப்பேரலை எழுந்து தமிழகக் கரையெங்கும் ஏறக்குறைய 8,000 உயிரைக் கவர்ந்தபொழுது, அந்நாளிற் காஞ்சிபுர மாவட்டத்தைச் சேர்ந்ததாயும் 2019 முதற் செங்கற்பட்டு மாவட்டமாயும் உள்ள இக்கரையும் தப்பவில்லை. படூர் போன்றதோர் ஊரில் திருநாவுக்கரசர் புராண விரிவுரை நிகழ்வதாகக் கொள்க. அவையின் ஒரு மூலையில், அன்று கணவனைக் கடலுக்குக் கொடுத்த பெண்ணொருத்தி இருந்து கேட்பதாகவும் கொள்க. உயிர்விடத் துணிந்தமையே திலகவதியாரின் சிறப்பெனச் சொற்பொழிவாளர் முழங்குவாராயின், இறவாது எஞ்சிய அப்பெண் தன்னைக் குறித்து யாது நினைப்பாள்? புராணப் பொருளை வரையறுத்துக் கூறவேண்டிய கடப்பாடு இதனாலேயே பெரிதாகின்றது.

வரலாற்றை முதற்கண் முறையாகக் காண்டல் வேண்டும். திருமுனைப்பாடி நாட்டுத் திருவாமூரில் வேளாண்குலத்துக் குறுக்கையர் குடியிற் புகழனார்க்கும் மாதினியார்க்கும் திலகவதியார் முன்னும் மருணீக்கியார் பின்னுமாகப் பிறந்தனர். அம்மையார்க்கு அகவை பன்னிரண்டு ஆனபொழுது, அரசன்பாற் படைத்தலைமை பூண்டிருந்த கலிப்பகையார் மகட்பேச முதியோரை விடுத்தனர், புகழனாரும் இசைந்தனர். மணம் நிகழுமுன் அரசன் ஏவலால் கலிப்பகையார் வடபுலத்துப் பகைமேற் சென்றனர். அவர் போர்க்களத்தில் இருந்த காலத்தே புகழனார் நோயுற்று இறந்தார். மாதினியார் கணவரைப் பிரிந்து வாழ ஒருப்படாராய் உடன் சென்றார். பெற்றோர்க்கு இறுதிக்கடன் முடித்துச் சுற்றத்தார் தேற்ற ஒருவாறு தேறியிருந்த அந்நிலையிற் கலிப்பகையார் பட்டார் என்னும் செய்தி வந்து சேர்ந்தது. தந்தை, தாய், கொழுநராக வரவிருந்தார் என மூவரையும் ஒருவர்பின் ஒருவராக அச்சிறுமி இழந்தனர். இழப்புக்களைத் தனித்தனியே விரித்துப் புலம்ப வையாது ஒன்றன்மேல் ஒன்றாகச் சேக்கிழார் அடுக்கிச் செல்வது, துயரம் மூச்சுவிட இடந்தராது வந்தமையைக் கேட்போர் உள்ளத்திற் பதித்தற்பொருட்டென்க.

ஈண்டு ஒன்று கூர்ந்து நோக்கற்பாலது. ஒரே வீட்டில், சில செய்யுட்களின் இடையீட்டில், கணவனை இழந்த தாய் உயிர் நீத்தலும், கணவராக வரவிருந்தாரை இழந்த மகள் உயிர் தாங்கலும் அருகருகே வைக்கப்பட்டுள்ளன. தாயின் செயலைச் சேக்கிழார் பழிக்கவில்லை. கற்பின் வழுவாத செயலென்றே போற்றுகின்றார். ஆயினும் சுற்றத்தையும் மக்களையும் விட்டு அவர் சென்றார் என்பதைக் கூறாது விடவில்லை. மக்கள் விடப்பட்டனர் என்னும் அவ்வொரு செய்தி படிப்பார் நெஞ்சில் நிற்கும். அடுத்து மகளும் அவ்வழியே செல்லத் துணிகின்றபொழுது, விடப்படுவோர் யாவர் என்ற வினா தானே எழுகின்றது. எஞ்சியிருப்பவர் சிறுவராகிய மருணீக்கியார் ஒருவரே. தாயின் வரலாற்றைக் கூறியே மகளின் வரலாற்றுக்குச் சேக்கிழார் நிலம் பண்படுத்தியுள்ளார்.

தம்மைப் பெற்றோர் அவர்க்கென இசைந்து விட்டனர் ஆதலின், தம்முயிரும் அவருடையதே என்பது திலகவதியார் கொண்ட துணிபு. அஃது அக்காலத்து ஒழுக்கமுறைப்படி எழுந்த துணிபு. அதன் நேர்மையைச் சேக்கிழார் மறைக்கவில்லை. அப்பொழுது மருணீக்கியார் தமக்கையார் அடியில் வீழ்ந்து அழுதனர். அன்னையும் அத்தனும் அகன்ற பின்னரும் தாம் உயிர் வைத்திருப்பது தமக்கையாரைப் பெற்றோராகக் கண்டு வணங்கலாம் என்பதனாலேயே. தம்மைத் தனியே கைவிட்டு அவர் ஏகுவாராயின் தாம் அவர்க்கு முன்னரே உயிர் நீப்பது உறுதி. இதுவே அவர் மொழிந்ததன் பொருள்.

இம்மொழியில் ஆறுதல் என்பது ஒரு சொல்லும் இல்லை. யாக்கை நிலையாது, எல்லாம் ஊழ்வினைப்பயன், அழுதாற் பயன் என்னை என்றாற்போல உலகத்தார் கூறும் தேற்றுரை எதனையும் அச்சிறுவர் கூறவில்லை. அவற்றையெல்லாம் பெற்றோர் இறந்தபொழுது சுற்றத்தார் கூறியிருத்தல் கூடும். அவை அம்மையாரை இரண்டாம் துயரினின்று காக்கவில்லை. ‘எனக்கு வேறு எவருமிலர்’ என்னும் ஒன்றையே மருணீக்கியார் புலப்படுத்தினர். துன்புற்றாரைத் தேற்றுதல் வேறு; அவர் இன்னும் ஒருவர்க்கு வேண்டப்படுகின்றார் என உணர்த்துதல் வேறு. முன்னது செவியோடு நிற்பதும் உண்டு. பின்னது உயிரைப் பிடித்து நிறுத்தும். மனத்துயர் ஆற்றுவோர் பலர் பல ஆண்டுப் பயிற்சியால் அறியும் இவ்வுண்மையை ஒரு சிறுவர் அழுகையில் வைத்துக் காட்டியது சேக்கிழார் திறமாம்.

அம்மையார் உயிர் தாங்கியதற்குக் காரணம் தம்பியார்பால் எழுந்த இரக்கமே என்று சேக்கிழார் வெளிப்படக் கூறுகின்றார். துயர் தணிந்தது என்றோ, காலம் கடந்தமையால் மறதி வந்தது என்றோ அவர் கூறவில்லை. துயரம் நின்றபடியே நிற்க, அதனினும் வலியதாக இரக்கம் எழுந்து உயிரைப் பற்றியது. அதன்மேல், பொன்னும் மணியும் பூண்பதை ஒழித்து எல்லாவுயிர் மாட்டும் கருணை பூண்டு மனைக்கண்ணே தவத்தில் இருந்தார் எனத் தொடர்கின்றார். தம்பி ஒருவர்மேற் பிறந்த அன்பு, எல்லாவுயிர்க்கும் உரிய அருளாக அடுத்த அடியெடுத்து வைப்பது ஈண்டு அறியத்தக்கது. அருளை அன்பு பெற்ற பிள்ளையாக வள்ளுவர் கூறுவர். அப்பிள்ளை பிறந்த வீடு எதுவென வினவுவார்க்கு, மூவர் இறந்த திருவாமூர் மனையைச் சேக்கிழார் காட்டுகின்றார்.

அற்றேல், கணவனோடு உயிர் நீத்தலே தலையாய கற்பென்றும், உயிரோடிருத்தல் அதனிற் குறைந்ததென்றும் நூல்கள் கூறக் காண்கின்றோமே எனின்: இறத்தல் ஒரு நாழிகையில் முடிவது; பிறர்க்காக உயிர் தாங்குதல் நாடோறும் துணியவேண்டுவது. தாம் இறத்தற்கு அம்மையார் அஞ்சினாரல்லர் என்பதை முதலிற் காட்டிவிட்டே, அவர் இறவாதிருந்தமையைப் பின்னர்ச் சேக்கிழார் பாடுகின்றார். ஆதலின் அவ்விருப்பு அச்சத்தால் வந்ததன்று. தமக்கெனக் கொண்ட முடிபினைப் பிறர்க்கெனத் துறந்ததாம். துறவுகளுள் இஃது அரியது. உடன்கட்டையேறும் வழக்கத்தை 1829ஆம் ஆண்டில் வங்காளத்திலும் 1830இற் சென்னை மாகாணத்திலும் அரசினர் சட்டத்தால் விலக்கினர். அதற்குப் பல நூற்றாண்டுகட்கு முன்னரே, உயிர் தாங்கி நின்ற ஒரு பெண்ணைச் சைவத்தின் பெருங்காப்பியம் அம்மையாராக வைத்து வணங்கிற்று என்பது மறக்கற்பாலதன்று.

அம்மையார் நிழலில் வளர்ந்த மருணீக்கியார் செய்த முதற்செயல் யாது? நிலையாமையை உணர்ந்து, உள்ள பொருளைக்கொண்டு அறச்சாலைகளும் தண்ணீர்ப்பந்தர்களும் அமைத்தனர், சோலை வைத்தனர், குளம் தொட்டனர், விருந்தினரை ஓம்பினர், நாவலர்க்கு வழங்கினர். இவற்றைத் தம்பியாரின் அறமென்று மட்டும் கூறி அமைதல் பொருந்தாது. துயரால் அடைபட்டிருக்கவேண்டிய ஒரு மனையின் கதவு வழிப்போவார்க்குத் திறந்து கிடந்தது. அதனைத் திறந்து வைத்த கை எவருடையது என்பதை, முன்னர்க் கருணை பூண்டிருந்தார் என்ற சொல்லாற் சேக்கிழார் குறிப்பித்துள்ளார்.

இதன்மேல் அம்மையார்க்கு நான்காம் இழப்பொன்று நேர்ந்தது. எவர்பொருட்டு உயிர் தாங்கினாரோ அத்தம்பியாரே அவரை விட்டகன்று, பாடலிபுத்திரத்துச் சமணப் பள்ளியை அடைந்து தருமசேனர் எனப் பெயர் பெற்றனர். பிறர்க்காக வாழ்ந்த வாழ்வு, அப்பிறர் நீங்கியவுடன் சரிந்துவிடுவது உலகியற்கை. திலகவதியார் சரியவில்லை. சுற்றத்தொடர்பு விட்டுக் கெடிலக் கரையில் உள்ள திருவதிகை வீரட்டானத்தை அடைந்தனர். புலர்வதற்கு முன் திருவலகு இட்டனர்; திருமெழுக்கிட்டனர்; மலர் கொய்து மாலை தொடுத்துச் சாத்தினர். தம்பியின்மேல் வைத்த இரக்கம் தம்பியோடு போகாது, இறைவன் திருவடியில் வேரூன்றியது.

சிவஞான சித்தியார் சரியை நெறியை வகுத்துரைக்குங்கால் இத்தொண்டுகளையே எடுத்தோதுகின்றது. இந்நெறி தாசமார்க்கம் எனவும் பெறும். சரியையைக் கீழ்ப்படி என்று எளிதாகக் கருதி ஞானநூலாராய்ச்சி ஒன்றையே பெரிதெனக் கொள்வோர் திலகவதியார் முன் சற்றே நிற்றல் வேண்டும். பெருந்துயர் உற்ற உள்ளம் நூற்பொருளை ஆராயும் நிலையில் இராது. கைகள் செய்யத்தக்க தொழிலொன்று வேண்டும். அதுவும் ஒவ்வொரு நாட் காலையிலும் தவறாது காத்திருக்கும் தொழிலாதல் வேண்டும். திருவலகு அத்தகையது. இடுந்தோறும் இடம் தூயதாகின்றது. மறுநாள் மீண்டும் இடவேண்டியிருக்கின்றது. துயர் தாங்குவோர்க்கு இறைவன் நூல்நெறி வகுத்த எளிய துணை இதுவென உணர்க.

அம்மையார் தம்பியாரை ஈடேற்றுமாறு இறைவனை வேண்டினர். வருந்தற்க, அவன் முன்னமே நம்மை அடையத் தவம் முயன்றவன், சூலைநோய் தந்து ஆட்கொள்வோம் என இறைவன் கனவில் உணர்த்தினன். சூலை பற்றியது. சமணர் தாம் அறிந்தவாறு முயன்றும் தீராமையின், தருமசேனர் தமக்குச் சமைப்பவனைத் தமக்கையார்பால் விடுத்தனர். அவன் அழைத்தபொழுது, அப்பள்ளிக்குத் தாம் வருதல் இயலாது என அம்மையார் மறுத்துவிட்டனர்.

இவ்விடத்தே தடை நிகழ்த்துவாரும் உளர். எல்லாவுயிர்க்கும் இரங்கியவர், நோயால் துடிக்கும் உடன்பிறந்தாரிடம் செல்ல மறுத்தது எங்ஙனம் பொருந்தும் என்பர். இத்தடை புறக்கணிக்கத்தக்கதன்று. சமயப் பற்றொன்றே காரணமென விடை கூறிவிடுதல் எளிது. ஆயின் அது போதாது. அம்மையார் சென்றிருந்தால் தம்பியார்க்குக் கிடைத்திருக்கக்கூடியது தமக்கையின் அருகிருப்பு மட்டுமே. மறுத்தமையால், அவர் தாமே எழுந்து, பாயையும் குண்டிகையையும் மயிற்பீலியையும் விடுத்து, வெள்ளாடை உடுத்து, இருளில் நடந்து, தம் அடியாலேயே திருவதிகையை அடைந்தனர். உயிர் தானே திரும்பித் திருவருளை நோக்கி ஓரடி வைத்தல் வேண்டும் என்பது சித்தாந்தத் துணிபு. அவ்வோரடியை மற்றொருவர் வைத்துத் தருதல் இயலாது. உதவி என்பது எப்பொழுதும் ஓடிச்சென்று தாங்குதல் ஒன்றே ஆகாது. உற்றவர் எழுந்து வருவார் என நம்பிக் காத்திருத்தலும் உதவியே. அது செய்பவர்க்குப் பெருநோவு தருவது. தம்பியாரின் வரவை நோக்கி அவ்விரவில் அம்மையார் இருந்த நிலையைச் சேக்கிழார் விரித்துரைக்கவில்லை. விரித்துரைத்திருப்பின் இத்தடைக்கு இடமே இராது போலும்.

வந்து அடியில் வீழ்ந்த தம்பியார்க்கு அம்மையார் திருவைந்தெழுத்தை ஓதித் திருநீறு அளித்தனர். கழிந்தவை குறித்து ஒரு கடுஞ்சொல் உரைத்தாரல்லர். இருள் நீங்குமுன் திருப்பள்ளியெழுச்சிக் காலத்தே, திருவலகும் திருமெழுக்கும் தோண்டியும் எடுத்துக்கொண்டு தம்பியாரையும் உடனழைத்துத் திருக்கோயிலுட் புகுந்தனர். தம்பியாரை மீட்ட அந்நாளிலும் நாடோறும் செய்யும் பணியை அம்மையார் விட்டாரல்லர். அன்று நாயனார் பாடிய திருப்பதிகமே நாலாந் திருமுறையின் தொடக்கமாய் நிற்கின்றது. சைவவுலகம் பெற்ற திருநாவுக்கரசர் தேவாரம் முழுமைக்கும் வாயில், துணையிழந்து தனித்து நின்ற ஒரு பெண்ணின் கை அளித்த திருநீறாம்.

அவ்விடியற்காலையில் தமக்கையார் கையிற் கண்ட திருவலகு, பின்னர்த் தம்பியார் கையில் உழவாரமாயிற்று. திருமுற்றத்துப் புல் செதுக்கும் அக்கைத்தொண்டை நாயனார் இறுதிவரை விட்டாரல்லர். திருவீழிமிழலையில் வற்கடம் வந்தபொழுது, ஞானசம்பந்தரும் நாவுக்கரசரும் இறைவன் அளித்த படிக்காசு கொண்டு அடியார்க்கு அமுதளித்தனர். நாவுக்கரசர் பெற்ற காசு மட்டும் வட்டமின்றி மாறியது. அவர் கைத்தொண்டு புரிபவராதலின் என்பது புராணம் கூறும் காரணம். பசித்தோர்க்குக் காலத்தே சோறு கிடைக்கச் செய்த அக்கைத்தொண்டின் மூலத்தைத் தேடிச் செல்வார், திருவதிகையில் அலகிட்டு நின்ற அம்மையாரிடத்தே சென்று சேர்வர். திங்களூரில் அப்பூதியடிகள் நாவுக்கரசர் பெயரால் வைத்த தண்ணீர்ப்பந்தரும், திருவாமூர் மனையில் தொடங்கிய அறத்தின் கிளையே.

எனினும் இப்புராணப் பகுதியில் குறையொன்றும் காணப்படாது எனல் நடுவுநிலையாகாது. நாவுக்கரசர் திருவதிகையினின்று தலயாத்திரை புறப்பட்ட பின்னர்த் திலகவதியார் எங்ஙனம் வாழ்ந்தார், அவர் வாழ்வு எவ்வாறு நிறைவுற்றது என்பன கூறப்படவில்லை. நாயனார் புராணமாதலின் நாயனாரைத் தொடர்ந்து செல்லல் புலவர்க்குக் கடமையே. ஆயினும் விளக்கேற்றிய கையை விளக்கெரியத் தொடங்கியதும் மறந்துவிடும் உலகியல் ஈண்டும் சிறிது நிழலிட்டதோ எனக் கற்போர் ஐயுறுதல் கூடும். பெண்ணின் துயரமும் தவமும் ஆடவர் ஒருவர் பெருமைக்குப் படியாக அமைந்தன எனச் சிலர் கூறும் குறைக்கு இவ்விடமே இடந்தருவது. அக்குறையைத் திருவதிகைக் கோயிலில் அம்மையார்க்குத் திருவுருவம் வைத்து வழிபடும் அன்பர் வழக்கம் ஓரளவு தீர்த்தது. எஞ்சியதைத் தீர்க்கவேண்டியவர், வரலாற்றை எடுத்துரைக்கும் இக்காலத்து விரிவுரையாளரே.

அம்மையார் வழி ஏட்டோடு நின்றுவிட்டதன்று. சகோதரி எனச் சென்னையில் வழங்கப்பெற்ற சுப்புலட்சுமி அம்மையார் 1886இற் பிறந்து, பதினோரகவையளவில் மணம் பெற்றுச் சிறிது காலத்தே கைம்மை எய்தினர். தாமும் கைம்பெண்ணாகிய சிற்றன்னை வாலாம்பாள் துணைநின்றனர். 1911இற் பட்டம் பெற்று, மறு ஆண்டு முதல் இளங்கைம்பெண்களைத் தம்மோடு வைத்துப் பேணிக் கற்பித்தனர். தொடக்கத்தில் அந்தணர் குலத்துச் சிறுமியர்க்கே பயன்பட்ட அவ்வறம் பின்னர் விரிந்தது. தாம்பரத்தை அடுத்து, தேனுபுரீசுவரர் எழுந்தருளிய மாடம்பாக்கத்தில் 1954இல் பெண்டிர்க்கும் குழந்தைகட்குமென ஒரு நிலையம் கண்டனர். அவர் பிறந்த அதே 1886இற் பிறந்த மருத்துவர் முத்துலட்சுமி அம்மையார், தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரைத் தம்முள் அடக்கி வையாது, அடையாற்றில் 1954இற் புற்றுநோய் மருத்துவமனை தொடங்கும் வரையில் ஓயாது உழைத்தனர். அதற்கு முன் 1930இலேயே ஔவை இல்லம் அமைத்துப் புகலற்ற சிறுமியர்க்கு நிழல் தந்தனர். ஆழிப்பேரலையில் மூன்று மக்களையும் ஒருங்கே இழந்த நாகப்பட்டினத்துத் தாயொருவர், தம் கணவரோடு கூடிப் பெற்றோரை இழந்த குழந்தைகளைத் தம் மனையிலேயே வைத்து வளர்த்தமை நாடறிந்த செய்தி. இவரெல்லாம் துயரை மறந்தவரல்லர். இழந்த இடத்தை மூடிவிடாது, அவ்விடத்தையே பிறர் வந்து தங்கும் இடமாக ஆக்கியவர். திலகவதியார் திறமும் இதுவே.

இங்ஙனம் கூறுவதாற் பிறிதொரு பிழை நேராவண்ணம் காத்தலும் வேண்டும். அழுதிருப்பார் முன் சென்று, திலகவதியாரைப்போல் ஏன் இருத்தலாகாது என இடித்துரைப்பது கொடுமையாகும். அம்மையாரை உயிர் தாங்கச் செய்தது அறிஞர் உபதேசமன்று. அடியில் வீழ்ந்தழுத சிறுவரின் வேண்டுகோள். ஒருவர் துயரினின்று எழுதற்கு அவர்க்குரிய காலம் உண்டு. சிலர்க்கு அது நெடிதாகும். அவர்க்கு உணவும் உறையுளும் தொழிலும் உறுதிசெய்தல் சூழ்ந்திருப்பார் கடன். அலைக்குப் பின் சென்னைக் கடற்கரையினின்று பெயர்க்கப்பட்ட குடும்பங்கள் பல, படூருக்கு வடக்கே சில கல் தொலைவிலுள்ள செம்மஞ்சேரியிற் குடியமர்த்தப்பட்டன. கடலை நம்பிய குடிகள் கடலைக் காணாத இடத்தில் மீண்டும் அடுப்பு மூட்டவேண்டியிருந்தது. அத்தகையோர்க்குப் புராணம் ஊன்றுகோலாதல் வேண்டும், கசையாதல் கூடாது.

கைம்பெண் எதிர்ப்படுதல் தீநிமித்தம் என்னும் எண்ணம் சைவர் மனைகளினின்றும் இன்னும் முற்றும் ஒழிந்திலது. மங்கலச் செயல்களில் அவரைப் பின்னறைக்கு அனுப்பும் வழக்கமும் சிலவிடத்து உளது. இவ்வழக்கமுடையார், பொன்னணி நீத்த திலகவதியார் கையினின்று திருநீறு பெற்றமையாலன்றோ தாம் ஓதும் நாலாந் திருமுறை பிறந்தது என எண்ணிப் பார்த்தல் வேண்டும். அக்கையை மங்கலமற்றதென ஒதுக்குவார், அக்கை தந்த திருப்பதிகத்தை ஓதுதற்கும் உரிமையிலர். நாவுக்கரசர் குருபூசை நிகழும் இடந்தோறும், துணையிழந்தும் பிறர்க்கு உழைக்கும் மகளிரை முன்வைத்து அவர் கையால் திருநீறு பெறும் முறை தொடங்கப்படுமாயின், அது புதுவழக்கம் ஆகாது. திருவதிகையில் ஒரு வைகறையில் நிகழ்ந்ததன் தொடர்ச்சியே ஆகும். விரிவுரையாளரும் அம்மையார் இறக்கத் துணிந்த இடத்தில் நிறுத்தற்க. அவர் இருக்கத் துணிந்த இடம் வரை சென்று, அங்கே நின்று பொருள் விரிப்பாராக.

திருச்சிற்றம்பலம்.